சிப்பாங்கில் ஒதுக்கிய நிலம்: கே.எல்.ஐ.ஏ. பெருந்திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் (கே.எல்.ஐ.ஏ.) என்றதும் கிசோ குரோகாவா வடிவமைத்த கூரையும், பிரதான முனையத்திலிருந்து தள்ளி நிற்கும் துணைக்கோள் முனையத்தின் நடுவே வளர்த்திருக்கும் காடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் பெருந்திட்டத்தை மதிப்பிட வேண்டுமானால் கட்டடத்தை விட்டுவிட்டு நிலப்படத்தைப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அதற்காகச் சிப்பாங்கில் 10,000 ஹெக்டேர், அதாவது 100 சதுர கிலோமீட்டர், ஒதுக்கப்பட்டது. லண்டன் ஹீத்ரோவின் பரப்பு ஏறக்குறைய 1,230 ஹெக்டேர். எட்டு ஹீத்ரோவை உள்ளே வைத்த பிறகும் சிப்பாங்கில் இடம் மிஞ்சும்.

இந்த ஆய்வின் முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். நிலமும் ஓடுபாதைகளும் சரியாகக் கணிக்கப்பட்டன. முனையங்களைப் பற்றிய கணிப்பு பத்தே ஆண்டில் பொய்த்தது. மண்ணுக்குக் கொடுக்க வேண்டிய விலை குறைத்து மதிப்பிடப்பட்டது. ஆனாலும் முதலாவது சரியாக இருந்ததால் மற்ற இரண்டையும் பணம் போட்டுச் சரிசெய்ய முடிந்தது. பினாங்கில் அந்த வசதி இல்லை. அங்கே என்ன ஆகிறது என்பதையும் பிறகு பார்ப்போம்.

சுபாங் ஏன் போதவில்லை

கோலாலம்பூரின் சுங்கை பெசி விமான நிலையத்துக்கு மாற்றாக 1965இல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 3,780 மீட்டர் ஓடுபாதை ஒன்று. நீளத்தில் குறையே இல்லை. குறை பக்கவாட்டில் இருந்தது. இரண்டு இணை ஓடுபாதைகளில் ஒன்றையொன்று பாராமல் ஒரே நேரத்தில் விமானங்கள் கருவி வழிகாட்டலில் தரையிறங்க வேண்டுமென்றால், அவற்றின் நடுக்கோடுகளுக்கு இடையே குறைந்தது 1,035 மீட்டர் வேண்டும் என்கிறது அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. 915 மீட்டர் இருந்தால் ஒன்றின் விமானத்துக்கும் மற்றதன் விமானத்துக்கும் இடையே குறுக்காக இடைவெளி காத்துத்தான் இறக்கலாம். 760 மீட்டர் என்றால் ஒன்றில் இறக்கி மற்றதில் ஏற்றலாம், அவ்வளவுதான்.

அந்த 1,035 மீட்டரைச் சுபாங்கில் எங்கே தேடுவது? 1990களில் சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் மூன்றும் வேலிவரை வந்துவிட்டன. வீடுகளை எடுத்து, இழப்பீடு கொடுத்து, இரைச்சல் வழக்குகளையும் சமாளித்து இரண்டாவது பாதை போடுவதைவிட நகரத்துக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகத் தொடங்குவது மலிவு. ஆங்கிலோ-ஜப்பானியக் கூட்டமைப்பு ஒன்று பெருந்திட்டத்தைத் தயாரித்தது. 1993இல் வேலை தொடங்கியது. 1998 ஜூன் 27 அன்று திறப்பு விழா நடந்தது. ஜூன் 30இல் வழக்கமான சேவை தொடங்கியபோது கணினி அமைப்பு தடுமாறி, பெட்டிகள் தேங்கின. புதிய விமான நிலையங்களில் இது அடிக்கடி நடப்பது. ஒருங்கிணைந்த சோதனைக்கு ஒதுக்கிய காலத்தைக் கட்டுமானத் தாமதம் தின்றுவிடும். திறப்பு நாள் மட்டும் நகராது.

நிலம் என்று எழுதும்போது அதில் யார் இருந்தார்கள் என்பதும் ஆய்வில் வர வேண்டும். பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். கம்போங் பூசுட்டில் இருந்த தெமுவான் பூர்வகுடியினர் வேறிடத்தில் குடியேற்றப்பட்டனர். விமான நிலையத்தை இணைக்கும் நீலாய்–பந்திங் நெடுஞ்சாலைக்காக டிங்கில் அருகே புக்கிட் தம்போயில் தெமுவான்களின் நிலம் எடுக்கப்பட்டது வழக்கானது. சாகோங் தாசி வழக்கில் 2002இல் உயர் நீதிமன்றமும், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களது மரபுவழி நில உரிமையை ஏற்று இழப்பீட்டுக்குத் தீர்ப்பளித்தன. தோட்டத் தொழிலாளர் நிலை இன்னும் சிக்கல். 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நில உரிமையாளரை மையமாக வைத்தே கணக்கிடுகிறது. தோட்டக் குடியிருப்பில் மூன்று தலைமுறை வாழ்ந்தவரும் அந்தக் கணக்கில் உரிமையாளர் இல்லை. வேலை போகும் நாளில் வீடும் போகும். பக்கத்திலேயே, பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவானபோது, அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனதும், அந்தக் கட்டடத்தின் தரம் பல ஆண்டுகள் பிரச்சினையாக நீடித்ததும் இங்கே எல்லாருக்கும் தெரியும். குடியமர்த்தும் செலவைப் பெருந்திட்டத்தின் முதல் கட்ட மதிப்பீட்டிலேயே தனி வரியாகக் காட்டாவிட்டால், அது பின்னால் வழக்குச் செலவாகவும் தாமதமாகவும் வந்து நிற்கும்.

ஓடுபாதை: சரியாக வந்த கணக்கு

முதல் கட்டத்தில் நான்கு கிலோமீட்டர் அளவிலான இரண்டு ஓடுபாதைகள். ஏன் அவ்வளவு நீளம் என்பதற்குக் கணக்கு உண்டு. கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கனரக விமானத்துக்கு 3,300 மீட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். உயரம் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 7 சதவீதம் கூட்ட வேண்டும். சிப்பாங் 21 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அரை சதவீதம்தான் வரும். வெப்பம் அப்படி விடாது. வழக்கமான அளவுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 1 சதவீதம். நண்பகல் 33 டிகிரி என்று எடுத்தால் 18 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 3,900 மீட்டரைத் தாண்டும். சரிவுக்குக் கொஞ்சம் சேர்த்தால் நாலாயிரம். ஐரோப்பாவுக்கு நிறைந்த எரிபொருளோடு பகலில் கிளம்பும் விமானம் பெட்டிகளை விட்டுவிட்டுப் போகாமல் இருக்க இந்த நீளம் வேண்டும்.

இரண்டு பாதைகளுக்கும் நடுவே பிரதான முனையம், துணைக்கோள், ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் தளம்), டாக்சிவே (ஓடுபாதைக்குப் போய்வரும் தடம்) எல்லாம் அடங்கும் அளவுக்கு அகலமான இடைவெளி விட்டார்கள். மொத்தம் ஐந்து ஓடுபாதைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. மூன்றாவது 2014இல் இரண்டாம் முனையத்தோடு பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் கட்டத்தில் வீடு இடித்தோ, மலை குடைந்தோ, கடல் தூர்த்தோ இடம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு பெருந்திட்டம் வெற்றி பெற்றதா என்று கேட்டால் இதைத்தான் சான்றாகக் காட்ட வேண்டும்: இருபது ஆண்டு கழித்து ஓடுபாதை தேவைப்பட்டபோது அதற்கான மண் காலியாக இருந்தது.

முனையம்: பொய்த்த கணிப்பு

முதல் கட்ட முனையம் ஆண்டுக்கு 2.5 கோடிப் பயணிகளுக்கானது. மேலும் துணைக்கோள்களைச் சேர்த்து, இரண்டாவது பிரதான முனையத்தையும் எதிரே கட்டி, 10 கோடிவரை கொண்டுபோவது திட்டம். ஒரே வகைப் பயணியை மனத்தில் வைத்து வரைந்த படம் அது: நீண்ட தூரம் பறப்பவர், மலேசியா ஏர்லைன்சில் வந்து இன்னொரு மலேசியா ஏர்லைன்ஸ் விமானத்துக்கு மாறுபவர், பெட்டியை நேராக அடுத்த விமானத்துக்கு அனுப்புபவர்.

திறந்தது ஆசிய நிதி நெருக்கடியின் நடுவில். 2000இல் வந்தவர்கள் 1.47 கோடி. மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கிறது, வெள்ளை யானை என்று அப்போது பேசினார்கள். 2001 இறுதியில் ஏர் ஏசியா கைமாறி, இரண்டு விமானங்களோடு மலிவுக் கட்டணச் சேவையாக மாறியது. 2005இல் கே.எல்.ஐ.ஏ. எண்ணிக்கை 2.32 கோடி, 2010இல் 3.41 கோடி, 2013இல் 4.75 கோடி. எட்டே ஆண்டில் இரட்டிப்பு. எண்ணிக்கையைப் பொறுத்தவரை பெருந்திட்டத்தின் கணிப்பு மோசமாகப் பிசகவில்லை. வந்த பயணியின் வகைதான் மாறிப்போனது.

மலிவுக் கட்டண நிறுவனத்தின் தேவை எல்லாம் ஒரு நேரக் கணக்குக்குள் அடங்கும். ஏ320 விமானம் 180 பேரோடு வந்து 25 நிமிடத்தில் திரும்பக் கிளம்ப வேண்டும். இரு வாசலிலும் பயணிகள் ஏற வேண்டும். முனையத்திலிருந்து விமானம்வரை நடக்க முடிய வேண்டும். துணைக்கோளுக்கு ரயிலில் போய்வரும் நேரத்தையும் பெட்டி சுரங்கவழி போய்வரும் நேரத்தையும் இந்த 25 நிமிடம் தாங்காது.

அதனால் 2006 மார்ச் 23இல் மலிவுக் கட்டண முனையம் ஒன்று அவசரமாகத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 10.8 கோடி ரிங்கிட் செலவு, ஒரு கோடிப் பயணிகள் கொள்ளளவு. ஆண்டுப் பயணி ஒருவருக்கு 11 ரிங்கிட்டுக்கும் குறைவு. உலகத்தில் இதைவிட மலிவாக முனையம் கட்டியவர்கள் குறைவு. ஆனால் அது பெருந்திட்டத்தில் இல்லாத இடம். ரயில் இல்லை. பிரதான முனையத்திலிருந்து சாலையில் சுற்றிக்கொண்டு போனால் 20 கிலோமீட்டர். மூன்றே ஆண்டில் 1.5 கோடிக்கு விரிவாக்கினார்கள், அதுவும் நிறைந்தது. நெகிரி செம்பிலானின் லாபுவில் தனியாக ஒரு விமான நிலையம் கட்டும் யோசனை எழுந்து, 2009 ஜனவரியில் கைவிடப்பட்டது. கைவிட்டது நல்லது. ஐந்து ஓடுபாதைக்கு நிலம் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இன்னொன்று கட்டியிருந்தால் இரண்டின் வான்வழியும் ஒன்றையொன்று வெட்டியிருக்கும்.

முடிவில் இரண்டாம் முனையமான கே.எல்.ஐ.ஏ. 2, இரண்டாவது, மூன்றாவது ஓடுபாதைகளுக்கு நடுவே எழுந்தது. மூன்று கோடிப் பயணிகளுக்கென்று தொடங்கிய வரைபடம் 4.5 கோடிக்கு வளர்ந்தது. ஏரோபிரிட்ஜ் (முனையத்தையும் விமானக் கதவையும் இணைக்கும் நடைபாலம்) வேண்டாம் என்ற முனையத்துக்கு ஏரோபிரிட்ஜும் தானியங்கிப் பெட்டி அமைப்பும் வந்தன. பரப்பு 2,57,000 சதுர மீட்டரானது. 200 கோடி என்று பேசப்பட்ட செலவு 400 கோடி ரிங்கிட்டை எட்டியது. 2011இல் திறக்க நினைத்தது 2014 மே 2இல் திறந்தது. ஆண்டுப் பயணி ஒருவருக்கு இப்போது 89 ரிங்கிட். நடுவழியில் அளவை மாற்றினால் செலவு விகிதப்படி ஏறுவதில்லை. போட்ட தூண் அடித்தளம், வாங்கிய எஃகு, கொடுத்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

இன்னொரு விளைவு இன்றுவரை நீடிக்கிறது. இரண்டு முனையங்களுக்கும் நடுவே ஓடுபாதை கிடக்கிறது. பாதுகாப்புச் சோதனைக்கு உட்புறமாக ஓர் இணைப்பு இல்லை. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுபவர் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, மூன்று நிமிட ரயிலில் போய், மறுபடியும் உள்ளே நுழைய வேண்டும். இடமாற்றப் பயணிக்கு இது ஏறக்குறைய இரண்டு விமான நிலையங்கள்.

உச்ச நேரமும் திருச்சி விமானமும்

ஆண்டுக் கொள்ளளவு என்பது செய்திக்கான எண். கட்டடத்தின் அளவைத் தீர்மானிப்பது உச்ச மணிநேரம். ஆண்டு மொத்தத்தை உச்ச மணியாக மாற்ற அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகத்தின் பழைய விகிதப் பட்டியல் இன்னும் முதல் மதிப்பீட்டுக்கு உதவுகிறது: 2 முதல் 3 கோடிவரை 0.040 சதவீதம், 3 கோடிக்கு மேல் 0.035 சதவீதம். 2.5 கோடிக்கு மணிக்கு 10,000 பேர், 4.5 கோடிக்கு 15,750 பேர். பயணிகள் பெருகப் பெருக உச்சம் தட்டையாகும் என்பதே விகிதம் குறையக் காரணம்.

இந்த மொத்த எண்ணை அப்படியே கவுண்டர்களுக்குப் பங்கிட்டால்தான் தவறு தொடங்கும். ஒரே ஏ320, ஒரே 180 பேர். போகுமிடம் மாறினால் தேவை மாறும். கோத்தா பாருவுக்குப் போகும் விமானத்தில் நூற்றுக்கு 35 பேர்தான் பெட்டி போடுகிறார்கள், ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 95 கவுண்டர்-நிமிடம். அதில் 60 சதவீதம் உச்ச மணியில் வந்தாலும் ஒரு கவுண்டர் போதும். திருச்சி விமானத்தில் ஏறக்குறைய எல்லாரும் பெட்டி போடுவார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, எடை கூடிவிட்டதால் கவுண்டர் முன்னாலேயே பிரித்து மைலோ டின்னை எடுத்துக் கைப்பையில் திணிப்பது, விசா பார்ப்பது எல்லாம் சேர்த்து ஒருவருக்கு இரண்டரை நிமிடம் என்றால் 450 கவுண்டர்-நிமிடம். 60 சதவீதம் என்பது 270. ஐந்து கவுண்டர் வேண்டும். சென்னை, திருச்சி, டாக்கா மூன்றும் ஒரே இரவு நேரத்தில் கிளம்பினால் மண்டபம் நிறைந்து வழியும். மறுநாள் காலை பத்து மணிக்கு அதே மண்டபம் காலி. வழியனுப்ப வரும் குடும்பமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். ஒரு பயணிக்கு நான்கு பேர் வரும் பயணத்துக்கும், தனியாக கிராப் வண்டியில் வந்திறங்குபவருக்கும் ஒரே அளவு முன்மண்டபம் போதாது.

ஏப்ரனிலும் இதே கதை. இறக்கை அகலம் 36 மீட்டருக்குக் குறைந்த விமானங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 65 மீட்டர்வரையான அகல உடல் விமானங்களுக்கு 7.5 மீட்டர். ஒரு பெரிய விமானம் நிற்கும் இடத்தில் இரண்டு சிறியவற்றை நிறுத்த 36 + 4.5 + 36, அதாவது 76.5 மீட்டர் வேண்டும். 65க்கு வரைந்த நிறுத்திடத்தில் இரண்டாவது நுழையாது. ஒரு ஏ320 நின்று மீதி இடம் வீணாகும். முதலிலேயே 76.5 மீட்டருக்குக் கோடு போட்டு, எரிபொருள் குழியையும் ஏரோபிரிட்ஜ் அச்சையும் இரு அமைப்புக்கும் பொருந்துமாறு வைத்தால், காலையில் இரண்டு சிறிய விமானம், இரவில் ஒரு பெரியது என்று ஒரே கான்கிரீட் இரண்டு வேலை செய்யும். கூடுதல் செலவு 11.5 மீட்டர் அகலக் கான்கிரீட்டும் ஓரிரு எரிபொருள் குழியும். பயணியின் வகை மாறக்கூடும் என்று தெரிந்த இடத்தில் இதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

மண்

சிப்பாங் நிலம் ஒரே சீராக இல்லை. மேட்டில் செம்மண், பள்ளத்தில் கரிச்சதுப்பும் (மக்கிய தாவரம் படிந்த ஈர மண்) மென்களிமண்ணும். கரிச்சதுப்பில் திடப்பொருளைவிடப் பல மடங்கு நீர் இருக்கும். மேலே மண் கொட்டினால் முதலில் நீர் வெளியேறி வேகமாக அமிழும். அதை முன்சுமையாலும் (மண்மேடு குவித்து முன்னதாகவே அழுத்தி வைப்பது), செங்குத்து வடிகால் பட்டைகளாலும் கட்டுமானத்துக்கு முன்பே முடித்துவிடலாம். பிறகு தொடங்குவதுதான் தொல்லை. நார்ப்பொருள் தானே நசுங்கி, ஆண்டுக்கணக்கில் மெதுவாக அமிழ்ந்துகொண்டே இருக்கும். இதை நிறுத்த முடியாது; குறைக்கலாம். சதுப்பு இரண்டு மூன்று மீட்டர் ஆழம் என்றால் தோண்டி எறிந்து மணல் போடுவது மேல். ஆழம் கூடினால் தூண் அடித்து அதன்மேல் கான்கிரீட் தளம்.

எல்லாம் ஒரே அளவில் அமிழ்ந்தால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் எல்லைக் கோட்டில். முனையக் கட்டடமும், ஏப்ரனுக்கு அடியில் போகும் மதகும் சுரங்கமும் தூண்மேல் நிற்கின்றன, அவை அசையாது. பக்கத்திலுள்ள ஏப்ரன் நிரப்பிய மண்மேல் கிடக்கிறது, அது இறங்கும். சேருமிடத்தில் படி விழும். பள்ளமான பக்கத்தில் மழைநீர் நிற்கும். கே.எல்.ஐ.ஏ. 2 திறந்த பிறகு ஏப்ரனிலும் டாக்சிவேயிலும் நீர் தேங்கியதும் தளம் அமிழ்ந்ததும் செய்தியாயின. நிலையத்தை நடத்தும் நிறுவனமும் அமிழ்வை ஒப்புக்கொண்டு சீரமைப்பில் இறங்கியது.

தேங்கும் நீர் என்றால் காலணி நனையும் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது. இழுவை வண்டியின் பிடிமானம் குறையும். இரவில் மஞ்சள் வழிகாட்டிக் கோடு தண்ணீருக்குள் மறைந்துவிடும். விரிசல் வழியே நீர் இறங்கி அடித்தளத்தைக் கரைக்கும். பெயர்ந்த சரளைக்கல் எஞ்சினுக்குள் போகும். ஏப்ரனுக்கு அடியில் போகும் எரிபொருள் குழாயின் இணைப்புகளும் வளையும். மேலே தார் பூசி உயர்த்தினால் சுமை கூடி இன்னும் அமிழும் என்பது இதில் உள்ள கொடுமை. கனமில்லாத பிசினை ஊசிவழி செலுத்தித் தளத்தைத் தூக்கலாம். அதுவும் சில ஆண்டு நிம்மதிதான். வடிவமைப்பிலேயே செய்ய வேண்டியது, தூண்மேல் தளத்துக்கும் மண்மேல் தளத்துக்கும் நடுவே ஒரு இடைத்தளம்: தூண்களின் நீளத்தைப் படிப்படியாகக் குறைத்து, அமிழ்வை 20, 30 மீட்டர் தூரத்துக்குப் பரப்பிவிடுவது. கட்டுமான அட்டவணையை முடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது முன்சுமைக் காலம். மண்மேடு ஆறு மாதம் சும்மா கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு வேலை நடக்காதது போலத் தெரிகிறது.

ஏரோட்ரெயின்

பிரதான முனையத்தையும் துணைக்கோளையும் இணைக்கும் சுமார் 1.2 கிலோமீட்டர் தானியங்கி ரயிலான ஏரோட்ரெயின் 1998 முதல் ஓடியது. டாக்சிவேக்கு அடியில் போகும் அந்தச் சுரங்கத்தில் பயணிகள் நடந்துபோக வழி வைக்கவில்லை. 2023 மார்ச்சில் ரயில் நின்றது. 2025 ஜூலை 1 அன்றுதான் புதிய ரயில்கள் ஓடத் தொடங்கின. இரண்டு ஆண்டுக்கு மேல் பயணிகள் பேருந்தில் போனார்கள். இத்தகைய ரயிலின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டு என்பது வாங்கும் நாளிலேயே தெரிந்த ஒன்று. 1998இல் வாங்கியதற்கு 2018இலேயே மாற்று ஒப்பந்தம் கையில் இருந்திருக்க வேண்டும். ஒரே இணைப்பை நம்பி ஒரு முனையத்தைத் தனியே நிறுத்தினால், அந்த இணைப்பை மாற்றும் காலத்துக்கான வழியையும் முதல் நாளே கட்டிவைக்க வேண்டும்.

நகர ரயிலும் தாமதமாகத்தான் வந்தது. கே.எல். சென்ட்ரலிலிருந்து 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கும் விரைவு ரயில் 2002 ஏப்ரலில் தொடங்கியது. நான்கு ஆண்டு ரயிலின்றி ஓடிய நிலையத்துக்குச் சாலையில் வரும் பழக்கம் வேரூன்றிவிட்டது.

எப்போது தொடங்குவது

பெருந்திட்டத்தில் “2030இல் மூன்றாம் முனையம்” என்று ஆண்டு போட்டு எழுதுவது பழைய முறை. நெருக்கடி வந்தால் ஆண்டு பொருளற்றுப் போகும். பயணிகள் எண்ணிக்கை இந்த அளவைத் தொட்டதும் வடிவமைப்பு, இந்த அளவில் கட்டுமானம் என்று எழுதினால் திட்டம் தானாக முன்னும் பின்னும் நகரும்.

அந்த அளவைக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். முடிவெடுத்து, வடிவமைத்து, மண்ணைப் பக்குவப்படுத்தி, கட்டி, சோதித்துத் திறக்க ஆறு ஆண்டு என்று கொள்வோம். வளர்ச்சி ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் ஆறு ஆண்டில் 1.68 மடங்காகும். கொள்ளளவில் 60 சதவீதம் நிரம்பிய அன்றே முடிவெடுக்க வேண்டும். 4 சதவீதம் என்றால் 1.27 மடங்கு, 79 சதவீதம்வரை பொறுக்கலாம். 2005க்கும் 2013க்கும் இடையே சிப்பாங் 9 சதவீதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டிருந்தது. 80 சதவீதம் வரட்டும் என்று காத்திருக்கும் வழக்கத்துக்கு அந்த வேகத்தில் இடமே இல்லை. மலிவு முனையத்தை அவசரமாகக் கட்டியதும், அதை உடனே விரிவாக்கியதும் இந்தக் காத்திருப்பின் விலை.

இன்றைய கணக்கு: இரு முனையங்களின் கொள்ளளவும் சேர்ந்து ஏறக்குறைய 7.5 கோடி. 2019இல் 6.23 கோடிப் பேர் வந்தார்கள், அதாவது 83 சதவீதம். கொரோனா சில ஆண்டு அவகாசம் கொடுத்தது. 2024இல் சுமார் 5.7 கோடி, 76 சதவீதம். 4 சதவீத வளர்ச்சிக்கே முடிவெடுக்க வேண்டிய கோடு 5.9 கோடியில் இருக்கிறது.

பினாங்கு: நிலம் இல்லாதபோது

1935இல் திறந்த பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தைச் சுற்றித் தொழிற்பேட்டை, குடியிருப்பு, குன்று. 1972இல் வந்த சுதந்திர வர்த்தக வட்டாரம் அந்த ஓடுபாதையை நம்பியே அமைந்தது. மின்னணுச் சில்லுகள் கப்பலில் போவதில்லை. 6.5 மில்லியனுக்கு, நம் கணக்கில் 65 லட்சத்துக்கு, கட்டிய முனையத்தில் 2019இல் 83 லட்சம் பேர் நுழைந்தார்கள். இப்போது 1.2 கோடிக்கு விரிவாக்கம் நடக்கிறது. 2028இல் முடிக்க இலக்கு.

3,352 மீட்டர் ஒற்றை ஓடுபாதை இதற்குத் தடையா? மணிக்கு 35 இயக்கம், நாளுக்கு 15 மணிநேரம், விமானத்துக்கு 130 பேர் என்றால் ஆண்டுக்கு 2.5 கோடி வரும். ஓடுபாதை தாங்கும். நெரிசல் அதற்குப் பக்கத்தில்தான்: விமானம் நிறுத்த இடம், பாதையைவிட்டு விரைந்து விலக டாக்சிவே, சரக்குக் கொட்டகை, வண்டி நிற்கும் சாலை. இவை எல்லாமே பயணிகள் வந்துபோய்க்கொண்டிருக்கும் நிலையத்துக்குள் துண்டு துண்டாகக் கட்டப்பட வேண்டும். கடைசி விமானம் இறங்கி முதல் விமானம் கிளம்பும்வரை நாலைந்து மணிநேரம்தான் ஏப்ரன் வேலைக்குக் கிடைக்கும். அதில் ஒரு மணி கருவி கொண்டுவரவும், ஒரு மணி பெருக்கிச் சுத்தம் பார்க்கவும் போய்விடும். சிப்பாங்கில் ஒரே மூச்சில் ஊற்றும் கான்கிரீட்டை இங்கே பல இரவுகளில் ஊற்ற வேண்டும்.

கட்டட உயரமும் அங்கே தலைவலி. ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர்வரை நிலையத்தின் மட்டத்திலிருந்து 45 மீட்டர். ஏறக்குறைய 14 மாடி. அதற்கு அப்பால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 5 மீட்டர் கூடும். 6 கிலோமீட்டரில் 145 மீட்டர். அணுகுபாதையில் முதல் 3 கிலோமீட்டருக்கு 2 சதவீதச் சரிவுதான்: 1,000 மீட்டர் தள்ளி 20 மீட்டர் உயரமே இடம். கட்டடத்துக்கு அனுமதி வாங்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். அதைக் கட்ட நிறுத்தும் கோபுரக் கிரேன் 15 மீட்டர் மேலே போய் நிற்கும். கிரேனுக்குத் தனி அனுமதி என்பதைக் கட்டுமான ஒப்பந்தத்தில் எழுதாத மேம்பாட்டாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சிப்பாங் நிலத்தில் இனி

2024 ஆகஸ்டு முதல் சுபாங்கில் மீண்டும் ஜெட் விமானங்கள் இறங்குகின்றன. 80 லட்சம் கொள்ளளவு அங்கே இலக்கு. 1998இல் எல்லாவற்றையும் சிப்பாங்குக்கு மாற்றியதன் நோக்கமே ஒரே இடத்தில் இணைப்பை உருவாக்குவது. சுபாங்கை வரம்போடு வைத்திருந்தால் தீங்கில்லை. வரம்பு ஒவ்வொரு முறையும் நகர்ந்தால் சிப்பாங்கின் எண்ணிக்கைக் கோடும் நகரும். அப்போது இரண்டு நிலையங்களையும் ஒரே கணிப்பில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஐந்தாவது ஓடுபாதைகளுக்கான நிலத்தை யார் காக்கிறார்கள் என்பது அதைவிட உடனடியான கேள்வி. நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் இயக்க ஒப்பந்தம் இப்போது 2069வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்துக்குள் நிலத்தில் வருமானம் தேடுவது இயல்பு: கிடங்கு, கடைத்தொகுதி, சூரிய மின்தகடு. ஒதுக்கிய பட்டையில் இவற்றுக்கு இடம் கொடுக்கலாம், சில நிபந்தனைகளோடு. குத்தகை 15 ஆண்டுக்குள் முடிய வேண்டும். ஆழத் தூண் அடித்தளம் கூடாது. உயரக் கட்டுப்பாடு எதிர்கால ஓடுபாதையிலிருந்து அளக்கப்பட வேண்டும், இன்றைய ஓடுபாதையிலிருந்து அல்ல. மின்தகட்டின் ஒளி கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணில் படுகிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். சதுப்பான பகுதியில் கிடங்குக்காரர் கொட்டும் நிரப்புமண்ணின் தரத்தையும் அமிழ்வையும் அளந்து பதிவுசெய்யும்படி குத்தகையிலேயே எழுதிவிட்டால், 15 ஆண்டு கழித்து ஓடுபாதை போடும்போது பாதி முன்சுமை வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.